பொன்னாடைக்கு உரியவர்

(ஆண்டு விழாவில், மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர்களைப் பாராட்டும் நிகழ்ச்சியின்போது தெரிவுக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

குறள் ஒன்றைக் கூறி உரையைத் தொடங்குதல் நம் மேடைகளின் மரபு. சென்ற ஆண்டு இதே மேடையில் நான்கு பேச்சாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே குறளைக் கூறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இவ்வாண்டு அக்குறளை உங்கள் நினைவுக்கே விட்டுவிட்டு, நேரே பொருளுக்கு வருகின்றோம்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில், நம் தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் இடங்களில், சிறப்பாகப் பணிபுரியும் தலைமையாசிரியர் இருவரைத் தேர்ந்து பொன்னாடை போர்த்த வேண்டும் என்று சங்கம் சென்ற ஆண்டு தீர்மானித்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் மூவரிடம் வந்து சேர்ந்தது. எங்களுள் ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒருவர் தையற்கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் இங்கு நின்று பேசும் இரயில்வே எழுத்தர். மூவருள் எவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். பள்ளித் தலைவர்களை எடைபோட இவர்கள் யார் என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியைத்தான் முதற்கூட்டத்தில் நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டோம். ஆயினும் மூவருமே மாநகராட்சிப் பள்ளியின் சோற்றையும் சொல்லையும் உண்டு வளர்ந்தவர்கள். அந்த ஓர் உரிமையைக் கொண்டே புறப்பட்டோம்.

இந்நகரில் தொடக்கக் கல்வியை நடத்துதல் மாநகராட்சியின் கடமை என்று 1888ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதே 1888இல்தான் ஆசிரியர் நாளுக்குக் காரணரான டாக்டர் இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தார். இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் எழுத்தர் கண்ணுக்கு ஆண்டுகள் ஒத்துவந்தால் ஒரு மகிழ்ச்சி. பின்னர் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1925இல் கட்டாயக் கல்வி முதன்முதலாகப் புகுத்தப்பட்ட இடங்கள் எஃப், ஜி என்னும் இரு வட்டங்கள். மாட்டுங்காவும் சயானும் தாராவியும் அவற்றுள் அடங்கியவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவர் தங்கிய இடங்களும் அவையே. இன்று மராட்டி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் ஒரு மாநகராட்சி பள்ளி நடத்துகின்றது என்றால், அது சிறிய செய்தியன்று. சீருடை, புத்தகப்பை, காலணி, மழைச்சட்டை என்று 27 வகைப் பொருள்களை விலையின்றித் தரும் திட்டமும் இங்கு உண்டு.

நல்லாசிரியர்க்கு விருது அளித்தலும் புதியதன்று. நடுவண் அரசு 1958இல் தேசிய விருதை ஏற்படுத்தியது. 1962 முதல் செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. முன்பு ஆண்டுதோறும் 300க்கும் மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்ட தேசிய விருது, 2018இல் 50 பேருக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டது. ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கும் முறையும் அவ்வாண்டு வந்தது. மாநில விருது, 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. மாநகராட்சியும் மேயர் விருது என்னும் பெயரால் தன் ஆசிரியரைப் பாராட்டி வந்துள்ளது. இவை யாவும் போற்றத்தக்கவையே.

ஆனால் விருது எப்படிப் பிறக்கின்றது என்பதை எங்களுள் ஒருவர் அலுவலக மேசையிலிருந்து பல ஆண்டுகள் கண்டவர். 1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு முதற் பயணியர் வண்டி ஓடியதை நினைந்து, இரயில்வேயில் பணியாளர்க்கு விருது அளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எந்த அலுவலகமாயினும் விருது என்றால் முதலில் ஒரு கோப்பு வேண்டும். தாள்களை அடுக்கித் துளையிட்டு நாடா கட்டுவது எழுத்தர் தொழில். கட்டிக் கட்டிக் கண்ட உண்மை யாதெனில், கோப்பின் கனத்திற்கும் பணியின் கனத்திற்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நள்ளிரவில் தண்டவாளத்தில் விரிசல் கண்டு வண்டியை நிறுத்திய கலாசிக்குப் புகைப்படம் எடுப்பார் எவரும் அங்கு இல்லை. மறுநாள் நடந்த பாராட்டுக் கூட்டத்திற்கோ பத்துப் படங்கள்!

இதனை ஏன் கூறுகின்றோம்? 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஐ இங்குள்ள மூத்தோர் எவரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. வண்டிகள் நின்றன, மித்தி ஆறு கரைகடந்தது. எங்களுள் ஒருவரின் தங்கை அப்பொழுது ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிற்பகல் முறையில் ஐந்தாம் வகுப்புப் பயின்றுகொண்டிருந்தாள். நண்பகலுக்குப் பிறகு பிடித்த மழை விடவே இல்லை. தரைத்தளத்தில் முழங்காலளவு நீர் ஏறியதும், தலைமையாசிரியர் பிள்ளைகள் அனைவரையும் இரண்டாம் மாடிக்கு ஏற்றினார். “என் பிள்ளையை அனுப்பிவிடுங்கள்” என்று கதவருகே வந்து நின்ற பெற்றோரிடமும், “நீங்களும் மேலே வாருங்கள், பிள்ளையைத் தண்ணீரில் இறக்க மாட்டேன்” என்றாராம். கோபித்தவர்கள் உண்டு. கையை ஓங்கியவரும் ஒருவர் உண்டு. அவர் அசையவில்லை.

இரவு முழுதும் விளக்கில்லை. கிச்சடிக்கென வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு பள்ளிச் சிப்பாய் மாடிப்படியில் அடுப்பு மூட்டினார். இருட்டில் பிள்ளைகள் அழாதிருக்க, வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து பதினாறு வரை பாட்டாகவே பாட வைத்தார்களாம். மறுநாள் நீர் வடிந்தபின், ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குரியவர் கையில் ஒப்படைத்து, வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் கையொப்பம் வாங்கிய பின்னரே தலைமையாசிரியர் தம் வீட்டுக்குப் போனார். அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது என்பது பிறகே தெரிந்தது. தங்கையை இட்டுவரச் சென்ற அண்ணன் கையொப்பமிட்டபோது, அப்பதிவேட்டுத் தாள் ஈரமின்றி இருந்ததைக் கண்டு வியந்ததை இன்றும் கூறுவதுண்டு. அதைத் தம் சட்டைக்குள் வைத்துக் காத்திருக்கின்றார்!

அத்தலைமையாசிரியர் எவ்விருதும் பெறாமலே ஓய்வு பெற்றார். எவரும் அவரை வெறுத்ததனால் அன்று. விருதுப் படிவத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்குக் கட்டம் உண்டு, கண்காட்சிக்கு உண்டு, போட்டிப் பரிசுக்கு உண்டு. ஓர் இரவு பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகவே நாங்கள் படிவம் அச்சிடவில்லை. சொல்லிவிட்டும் போகவில்லை. சில மாதங்களாக, விடுப்பும் ஓய்வும் கிடைத்த நாள்களில், பள்ளி பள்ளியாக நடந்தோம். போனவுடன் மூன்றைப் பார்ப்பது என்று எங்களுக்குள் முடிவு: கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் உள்ளதா, குடிநீர்க் குழாயில் நீர் வருகின்றதா, தலைமையாசிரியர்க்குப் பிள்ளைகளின் பெயர் தெரிகின்றதா. இவற்றுள் மூன்றாவதே கடினமான தேர்வு என்று கண்டோம்.

ஓரிடத்தில் எங்களுக்குத் தேநீரும் கொழுத்த கோப்பும் தந்தார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. செய்தித்தாள் நறுக்குகள், நிழற்படங்கள். மகிழ்ந்து வெளியே வந்தோம். வாயிலில் பழம் விற்கும் அம்மாள், “தேறாத பிள்ளைகளுக்கெல்லாம் முன்கூட்டியே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்களே, பிறகு நூறு வராமல் என்ன?” என்றார். அவர் கூற்றை அப்படியே நம்பிவிடவில்லை; அப்படி வெளியேறிய இரு பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். உண்மைதான். எந்தப் பள்ளி என்று கூறமாட்டோம்.

இன்று இம்மேடையில் பொன்னாடை பெறவிருக்கும் தலைமையாசிரியரை நாங்கள் தேர்ந்த கதை வேறு. அவருடைய பள்ளி விழுக்காடு அவ்வளவு உயர்ந்ததன்று. ஆனால் மாலை ஏழு மணிக்கு அவ்வழியே போனபோது, மேல்மாடியில் விளக்கு எரிவதைக் கண்டோம். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் வாழும் வீட்டில் பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கும்? ஆகவே உரிய அனுமதி பெற்று, ஒரு வகுப்பறையை இரவு ஒன்பது வரை திறந்து வைத்திருக்கின்றார். பாடம் நடத்துவதில்லை, கட்டணமும் இல்லை. விளக்கு, மின்விசிறி, அமைதி ஆகிய மூன்றுதான். தாமும் ஒரு மூலையில் அமர்ந்து அலுவலகத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

பெருந்தொற்றுக் காலத்தில் இவர் செய்ததையும் கூறியாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச்சிலேயே பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஒன்றுமுதல் ஏழுவரையான வகுப்புகள் இந்நகரில் மீண்டும் திறந்தது 2021 டிசம்பர் 15இல்தான். ஏறத்தாழ ஓராண்டும் ஒன்பது திங்களும். கைப்பேசியில் பாடம் என்றார்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இவர் என்ன செய்தார்? பாடத்தைத் தாளில் எழுதிப் படியெடுத்து, ரேஷன் கடைக்காரரிடம் கொடுத்து வைத்தார். அரிசி வாங்க வரும் தாய் அரிசியோடு பாடத்தாளையும் பெற்றுச் செல்வார்; முன்பு எழுதிய தாளைத் திருப்பித் தருவார். எடை போடும் தராசுக்கு அருகே விடைத்தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த அக்காட்சியை எங்களுள் தையற்கடைக்காரர் நேரில் கண்டவர். இவரைத் தேர்வதில் எங்களுக்குள் வேறுபாடே எழவில்லை.

இரண்டாமவரைத் தேர்வதில்தான் பூசல் மூண்டது.

அவர் ஓர் அம்மையார். தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்புவரைதான் அப்பள்ளி. பெரிய கட்டடம்; பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் போனபோது அவர் தரையில் அமர்ந்து, ஒரு பிள்ளைக்குப் பெரியதாய் இருந்த காலணியை இன்னொரு பிள்ளைக்கு மாற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அமர்ந்தார். பொதுப் பதிவேட்டைக் காட்டினார். ஒன்பது பெயர்கள் மேல் செம்மைக் கோடு.

அக்கோடுகளின் பொருளை விளக்க வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஐந்தாம் வகுப்புவரை 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஐந்து ஆசிரியரோடு ஒரு தலைமையாசிரியரும் வேண்டும் என்று உள்ளது. மேல்வகுப்புகளுக்கு 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும். அதற்குக் குறைந்தால் அப்பதவி அச்சட்டத்தின்படி கட்டாயமன்று. இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறுவோரைக் கழித்து, முதல் வகுப்புக்கு இதுவரை பெயர் தந்தோரைக் கூட்டினால், அப்பள்ளிக்கு வரும் ஆண்டு எண்ணிக்கை 156. பதவிக்குக் குறைவில்லை. ஆயின் அவற்றுள் ஒன்பது பிள்ளைகளின் குடும்பங்கள் பொங்கலுக்கு ஊர் சென்று அங்கேயே தங்கிவிட்டன. வாடகை கட்டவில்லை, திரும்பவில்லை. “பெயர் இருக்கட்டுமே அம்மா, யார் வந்து எண்ணப் போகின்றார்கள்?” என்று உடனிருந்தோர் கூறியிருக்கின்றார்கள். அம்மையார் ஒன்பது ஊர்களுக்கும் தொலைபேசியில் பேசி, பிள்ளைகள் அங்கு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, தம் கையாலேயே கோடு இழுத்துவிட்டார். 156 போய் 147 ஆயிற்று. தம் நாற்காலியின் காலைத் தாமே அறுத்துக்கொண்டார் என்றும் கூறலாம்.

“ஏன் அம்மா?” என்றோம்.

“அந்தப் பெயர்களுக்கும் சேர்த்துச் சோறு கணக்கு எழுத வேண்டும், ஐயா. வருகை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒன்பது பொய். பிள்ளைகள் பார்க்கப் பதிவேட்டைத் திறக்கும் கை இது,” என்றார்.

திரும்பி வரும் வழியில், சயான் நிலையத்து மேம்பாலத்திலேயே எங்களுக்குள் வாக்குவாதம். துறைமுகப் பெரியவர், “காலியாகிக்கொண்டிருக்கும் பள்ளிக்குப் பொன்னாடையா? ஊர் சிரிக்கும்” என்றார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. சிறந்த தலைமையாசிரியர் என்றால் பள்ளி நிரம்ப வேண்டாமா? எழுத்தரோ, “நிரப்பாதது அவர் குற்றமா?” என்று கேட்டார். தையற்கடைக்காரர் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு, “நாம்தானே எடுத்துக்கொண்டு போனோம்” என்றார். அதோடு வாக்குவாதம் முடிந்தது. ஏனெனில் விடைபெற எழுந்தபோது அம்மையார் எங்களிடம் கேட்ட கேள்வி மூவர் நெஞ்சிலும் குத்திக்கொண்டிருந்தது.

“உங்கள் மூவர் வீட்டுப் பிள்ளைகளும் எங்கே படிக்கின்றார்கள், ஐயா?”

நகையாட்டாகவோ சினந்தோ கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்பதைப் போலவே கேட்டார். நாங்கள் என்ன கூறுவோம்? மாநகராட்சிப் பள்ளியின் சோற்றையும் சொல்லையும் உண்டு வளர்ந்தோம் என்று தொடக்கத்தில் உங்களிடம் பெருமையாகக் கூறினோம் அல்லவா? எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு தனியார் ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏறுகின்றார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகின்றோம். காலம் அப்படி என்கின்றோம். ஆங்கிலம் வேண்டும் என்கின்றோம். அதிலும் உண்மை உண்டு. பெற்றோரை இழித்துக் கூற நாங்கள் வரவில்லை. மாநகராட்சியே ஆங்கிலவழிப் பள்ளிகளைக் கூட்டி வருவது பெற்றோர் மனம் அறிந்துதான். ஆனால் எவர் பள்ளியை நாம் வேண்டாம் என்று விட்டோமோ, அவரையே மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த விரும்புகின்றோம். இதனை உங்கள்முன் மறைத்துவிட்டு இவ்வுரையை முடித்தால், நாங்களும் ஒன்பது பெயரை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் ஆவோம்.

அம்மையாரையே இரண்டாம் விருதுக்கு ஒருமனதாகத் தேர்ந்தோம். அழைப்பிதழோடு மறுபடி போனோம். வாங்கிப் படித்தார், மகிழ்ந்தார். “ஞாயிற்றுக்கிழமையா? அன்றுதானே ஐயா வீடுகளில் ஆண்கள் இருப்பார்கள். சேர்க்கைக்கு அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்,” என்றார். ஆகவேதான் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக உள்ளது. அவர் இந்நேரம் குடிசைப் பகுதியில் கையில் பதிவேட்டுடன் படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். அங்குள்ள படிகளை நீங்கள் அறிவீர்கள். ஏணி என்றாலே பொருந்தும். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு.

பொன்னாடைக்குப் பதிலாக ஒன்று கேட்டார். சேர்க்கைத் தாள்கள் சிலவற்றை எங்களிடம் கொடுத்து, விழா நடக்கும் இடத்தில் ஒரு மேசைமேல் வைக்க இயலுமா என்றார். நுழைவாயிலுக்கு அருகே, சிற்றுண்டிக்குச் செல்லும் வழியில், அம்மேசை போடப்பட்டுள்ளது. ஆறு வயது நிறைந்த பிள்ளையின் பிறப்புச் சான்று இருந்தால் நன்று. இல்லையெனினும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்.

கணக்கை முடித்துவிடுகின்றோம். 150க்கு மேல் என்றால் 151 வேண்டும். கையில் இருந்தது 147. இன்று காலை தையற்கடைக்காரர் தம் பேரனின் பெயரை முதல் வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்; வீட்டில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியவில்லை என்று கேள்வி. ஆக 148. துறைமுகப் பெரியவரின் வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லை. அவர் அக்கம்பக்கத்தாரிடம் பேசி வருகின்றார். இரயில்வே எழுத்தர் வீட்டில் இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய ஒரு பெண் குழந்தை உண்டு. அது குறித்துப் பேச்சு நடந்துகொண்டிருக்கின்றது. குழந்தையின் தாயார் இவ்வவையில் நான்காம் வரிசையில் அமர்ந்திருப்பதால், அதற்குமேல் இம்மேடையில் கூற அஞ்சுகின்றோம்.

தலைவர் அவர்கள் முதற் பொன்னாடையை நம் தலைமையாசிரியர்க்குப் போர்த்துமாறு பணிவோடு வேண்டுகின்றோம். இரண்டாவதை மடிப்புக் கலையாமல் எங்களிடம் தந்துவிடுக. விழா முடிந்ததும், மேசைமேல் உள்ள தாள்களையும் எடுத்துக்கொண்டு, ஏழு மணி வண்டியில் போய் அம்மையாரிடம் சேர்த்து வருகின்றோம்.